ஜான் ஹென்றி கர்பி: வக்கீலாக இருந்து மரத்துக்கும் ரயிலுக்கும் போனவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டனில் குடியிருக்கும் நம்மவர்கள் வாரத்தில் இரண்டு தடவையாவது கர்பி டிரைவில் வண்டி ஓட்டியிருப்போம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அந்தப் பச்சைப் பலகையைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இது?" என்று கேட்பார்கள். என் அப்பா கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தேட ஆரம்பித்து, பல வருஷமாக இந்த மனிதரைப் பற்றிப் படித்துக்கொண்டே இருக்கிறேன். இது தெரிந்த நண்பர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், வரிக் கணக்குப் படிப்பவர்கள் என்று பலரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

இந்த கர்பி யாரு? ஒரு ரோட்டுக்கே பேர் வைக்கிற அளவுக்கு என்ன செஞ்சார்?

ஜான் ஹென்றி கர்பி, 1860 நவம்பர் 16 அன்று கிழக்கு டெக்சாஸில் டைலர் கவுன்ட்டியில், பீச் ட்ரீ வில்லேஜ் என்ற சின்னக் குடியிருப்புக்குப் பக்கத்தில் பிறந்தார். 1885இல் வக்கீல் ஆனார், 1890இல் ஹூஸ்டனுக்குக் குடிவந்தார். காட்டுக்குள் ஒரு ரயில் பாதை போட்டார். 1901இல் கர்பி லம்பர் கம்பெனியைத் தொடங்கினார். உச்சத்தில் அந்தக் கம்பெனியின் கையில் 3,00,000 ஏக்கருக்கு மேல் பைன் காடும் 13 அறுவை மில்களும் இருந்தன. 'பைன் காட்டு இளவரசர்' என்று பட்டப் பெயர். 1933இல் சொந்தக் கணக்கில் திவாலாகி, 1940 நவம்பர் 9 அன்று ஹூஸ்டனில் காலமானார்.

சுருக்கம் இவ்வளவுதான். ஆனால் நான் படித்தவரையில், அவரை மர வியாபாரி என்று மட்டும் சொன்னால் விஷயம் பிடிபடாது. கடைசிவரை அவர் வக்கீலாகத்தான் யோசித்தார். அவர் சம்பாதித்தது பத்திரத்தில், ஒப்பந்தத்தில், கடன் பத்திரத்தில். இழந்ததும் அங்கேயேதான். கீழே வரும் பல பதில்களில் இதைப் பார்ப்பீர்கள்.

பணக்காரக் குடும்பத்துப் பிள்ளையா?

இல்லை. சாதாரண விவசாயக் குடும்பம். எழுதப் படிக்க அம்மா சொல்லிக் கொடுத்தார். ஜார்ஜ்டவுனில் உள்ள சவுத்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஒரு பருவத்தைக்கூட முடிக்காமல் திரும்பினார்.

அவருக்குக் கை கொடுத்தவர் சாமுவேல் ப்ரான்சன் கூப்பர். உட்வில் ஊர் வக்கீல், அப்போது மாநில செனட்டர், பின்னாளில் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர். அவர் மூலம் கர்பிக்கு 1882இல் செனட்டில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அப்புறம் அவருடைய ஆபீசிலேயே உட்கார்ந்து சட்டம் படித்தார். அந்தக் காலத்தில் சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு சீனியரிடம் படித்து, தேர்வில் தேறினால் போதும்.

வக்கீலுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? எப்படி அந்தப் பக்கம் போனார்?

கர்பியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கிழக்கு டெக்சாஸ் முழுக்கப் பைன் காடு. அதை வாங்கப் பணத்தோடு ஆட்கள் பாஸ்டனிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் யாரிடம் வாங்குவது? நம் ஊரில் நிலம் வாங்குகிறவர்கள் மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் உண்டா, வாரிசு எத்தனை பேர் என்று கேட்போம் இல்லையா, அந்தச் சிக்கல் அங்கே பத்து மடங்கு இருந்தது.

மெக்சிகோ ஆட்சிக் காலத்தில் பதினொரு லீக் வரை, அதாவது ஒரே ஆளுக்கு 48,000 ஏக்கருக்கு மேல், கொடுத்த மானியங்கள் இருந்தன. 1836இல் டெக்சாஸ் தனி நாடானபோது, ஏற்கெனவே குடியிருந்த குடும்பத் தலைவருக்குத் தலா 4,605 ஏக்கர் கொடுத்தார்கள். அப்புறம் ரயில் கம்பெனிகளுக்கு மைலுக்கு 16 சதுர மைல் கணக்கில் மாநில அரசு அள்ளிக் கொடுத்தது. சர்வே செய்தவர்கள் 'ஓடையோரம் உள்ள பெரிய ஓக் மரத்திலிருந்து' என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த மரம் விழுந்து பல வருஷம் ஆகியிருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிய எல்லைகள், பாகம் பிரிக்காத வாரிசுகள், பத்து வருஷம் குடியிருந்ததால் 160 ஏக்கர் எனக்குச் சொந்தம் என்று கோருகிறவர்கள். இவை எல்லாவற்றையும் தாண்டித்தான் ஒரு மரத்தை வெட்ட முடியும்.

பாஸ்டன் முதலீட்டாளர்களின் நில வழக்கு ஒன்று கூப்பர் வழியாகக் கர்பியிடம் வந்தது. ஜெயித்துக் கொடுத்தார். அவர்கள் அவரை விடவில்லை. அவர்களோடு சேர்ந்து டெக்சாஸ் அண்ட் லூசியானா லேண்ட் அண்ட் லம்பர் கம்பெனி, டெக்சாஸ் பைன் லேண்ட் அசோசியேஷன் என்று அமைப்புகள் உருவாயின. அவற்றில் கர்பி வக்கீலாகவும் இருந்தார், நிர்வாகியாகவும் இருந்தார், பங்காளியாகவும் ஆனார். எந்தத் துண்டுக்கு யாரிடம் கையெழுத்து வாங்கினால் பட்டா சுத்தமாகும் என்று தெரிந்தவருக்கு, எந்தக் காடு மலிவாக வரும் என்பதும் தெரிந்துவிடும் அல்லவா?

மரம் விக்கறவர் ரயில் எதுக்குப் போடணும்? ஆத்துல மிதக்க விட்டா போதாதா?

முதலில் அப்படித்தான் செய்தார்கள். நேச்சஸ், சபீன் ஆகிய இரண்டு ஆறுகளிலும் கட்டைகளை உருட்டிவிட்டு, கீழே போமான்ட், ஆரஞ்ச் ஊர்களின் மில்களில் பிடித்து அறுத்தார்கள். ஆனால் கோடையில் தண்ணீர் வற்றிவிடும், மழைக்காலத்தில் கட்டைகள் அடித்துக்கொண்டு போய்விடும். பைன் கட்டை பிசின் நிறைந்தது, கனம் அதிகம், சில கட்டைகள் மூழ்கியே போய்விடும். அதோடு ஆற்றிலிருந்து சில மைல் தள்ளி இருக்கும் மரத்தை மாடு கட்டி இழுத்து வருவதற்குள் லாபம் கரைந்துவிடும்.

ரயில் வந்தால் கணக்கே வேறு. மில்லைக் காட்டுக்குள்ளேயே வைக்கலாம். கட்டையை அனுப்பாமல் அறுத்த பலகையை அனுப்பலாம். மூன்றாவதாக, வாங்கியபோது யாரும் சீண்டாத நிலத்தின் விலை, தண்டவாளம் விழுந்ததும் ஏறிவிடும். 1893இல் கல்ஃப், போமான்ட் அண்ட் கான்சாஸ் சிட்டி ரயில்வே பதிவானது. பெயரில் கான்சாஸ் சிட்டி இருந்தாலும் பாதை அவ்வளவு தூரம் போகவில்லை. போமான்டிலிருந்து வடக்கே சில்ஸ்பி, கர்பிவில் என்று பைன் காட்டுக்குள் போனது. நோக்கம் அதுதான்.

அந்த ரூட்ல இருக்கற ஊர்ப் பேரெல்லாம் அவர் வச்சதா?

பெயர்ப் பலகைகளைப் படித்தாலே அவருக்கு யார் யார் வேண்டியவர்கள் என்று தெரிந்துவிடும். சில்ஸ்பி, பாஸ்டன் முதலீட்டாளர் ஒருவரின் பெயர். ப்ரான்சன், மேலே சொன்ன குரு கூப்பரின் நடுப்பெயர். பிரௌன்டெல், பால்டிமோர் வங்கியாளர் பிரௌன், அவர் மனைவி டெல் இருவரையும் சேர்த்தது. பெஸ்மே, கர்பியின் ஒரே மகள் பெஸ்ஸி மே. 1895இல் உருவான கர்பிவில்லுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கஷ்டப்பட்டுப் போட்ட ரயிலை 1900லயே வித்துட்டாராமே, ஏன்?

சாண்டா ஃபே ரயில்வேக்கு விற்றார். சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரை ஓடிய பெரிய நிறுவனம் அது. கிழக்கு டெக்சாஸ் காட்டுச் சரக்கு அவர்களுக்கு வேண்டும். கர்பிக்கு வேண்டியது பணமும், தன் பலகையை நாடு முழுக்கக் கொண்டுபோகும் இணைப்பும்.

இதைத் தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு ரயில் ஓட்டும் ஆசை இல்லை. காட்டைத் திறந்துவிடத்தான் ரயில். திறந்தாகிவிட்டது, விற்றார், அடுத்த வருஷமே அதைவிடப் பெரிய வேலையில் இறங்கினார். ஆனால் சாண்டா ஃபே என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

கர்பி லம்பரும் ஹூஸ்டன் ஆயிலும் ஒரே கம்பெனியா, வேற வேறயா? எப்பவும் குழப்பமா இருக்கு.

இரண்டும் 1901 ஜூலையில், ஒன்றுக்காக ஒன்று என்று பிறந்த இரட்டைக் கம்பெனிகள். அந்த வருஷம் ஜனவரி 10 அன்று போமான்ட் பக்கத்தில் ஸ்பிண்டில்டாப் கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. நாடே டெக்சாஸ் பக்கம் திரும்பியது. மேலே மரம், கீழே எண்ணெய் இருக்கும் என்று சொன்னால் பணம் போடுகிறவர்கள் கேட்கத் தயாராக இருந்தார்கள். நியூயார்க்கில் பெரிய இடத்துத் தொடர்புகள் கொண்ட பேட்ரிக் கல்ஹூன் என்ற வக்கீல் கர்பியோடு சேர்ந்தார்.

ஏற்பாடு இப்படி: நிலமும் அதன் கீழே இருப்பதும் ஹூஸ்டன் ஆயில் கம்பெனிக்கு. மேலே நிற்கும் மரத்தை மட்டும் கர்பி லம்பர் வாங்கும். ஆனால் ஒரே தடவையில் இல்லை. பல வருஷத்துக்கு, குறிப்பிட்ட தவணைகளில் பணம் கட்டி வெட்டிக்கொள்ளும். நம் ஊரில் தென்னந்தோப்பைக் காய்க்கு மட்டும் குத்தகை பேசுவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இதிலும் இரண்டு வக்கீல்கள் உட்கார்ந்து எழுதியதன் அடையாளம் தெரியும்: கர்பி லம்பர் கட்டப்போகும் தவணைகளின் பேரில் சான்றிதழ்கள் அச்சடித்து, மேரிலாந்து டிரஸ்ட் கம்பெனி மூலம் விற்றுப் பணம் திரட்டினார்கள். வெட்டாத மரத்தின் வருமானத்தை முன்கூட்டியே விற்றாகிவிட்டது.

ஆரம்பிச்சு மூணே வருஷத்துல கோர்ட் ரிசீவர் கைக்குப் போச்சே, அது எப்படி?

தவணைதான். மரம் விற்றாலும் விற்காவிட்டாலும் தேதிக்குப் பணம் கட்டியாக வேண்டும். கிழக்கே பங்குகளை விற்றுத் தருவதாகச் சொன்ன கல்ஹூனால் எதிர்பார்த்த அளவு விற்க முடியவில்லை. இருவருக்கும் மனஸ்தாபம். நிற்கும் மரத்தின் அளவு சொன்னபடி இருக்கிறதா என்பதிலும் தகராறு. எண்ணெயும் அந்த நிலத்தில் ஸ்பிண்டில்டாப் மாதிரி உடனே வந்துவிடவில்லை. 1904இல் இரண்டு கம்பெனிகளும் ரிசீவர் நிர்வாகத்துக்கு, அதாவது கடனில் சிக்கிய கம்பெனியை நடத்த நீதிமன்றம் நியமிக்கும் ஆளின் கைக்கு, போயின.

வழக்குகள் முடிந்து மீண்டும் கர்பி தலைமையில் கம்பெனி நிமிர 1909 ஆகிவிட்டது. தான் எழுதிய ஒப்பந்தமே தன்னை இறுக்கும்போது அதிலிருந்து வெளியே வரும் வழியையும் கண்டுபிடித்தார் என்பதில் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் மில் தொழிலாளிகள் பட்டதை நினைத்தால் அந்த மரியாதை கொஞ்சம் குறையும். அதற்கும் கேள்வி இருக்கிறது.

பைன்னா பேக்கிங் பெட்டி அடிக்கிற லேசான மரம்தானே? அதுக்கா இவ்வளவு அடிதடி?

இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. பேக்கிங் பெட்டிக்கு வரும் பைன் சீக்கிரம் வளர்ந்த இளம் மரம். கர்பி வெட்டியது லாங்லீஃப் பைன், அதுவும் நூறு, இருநூறு வருஷமாக நின்ற காட்டு மரம். ஹூஸ்டன் ஹைட்ஸ் பகுதியில் பழைய வீடு ஒன்றைப் பிரித்தபோது, தரைப் பலகைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு முழம்கூட இல்லை, ஆனால் கையில் எடுத்தால் கனக்கிறது. குறுக்கே வெட்டிய முகத்தில் ஆண்டு வளையங்கள் தலைமுடி மாதிரி நெருக்கமாக இருக்கின்றன. ஓர் அங்குலத்துக்குள் இருபதுக்கு மேல் எண்ணினேன். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் நூறு வருஷத்துக்கு அப்புறமும் பிசின் வாசனை வருகிறது, தாள் பிசுபிசுக்கிறது. நிறம் தேன் மாதிரி, உள்ளே சிவப்பு.

அந்தப் பிசின்தான் கரையானையும் ஈரத்தையும் தடுக்கிறது. அதனால் வீடு, பாலம், கப்பல் துறை, ரயிலின் ஸ்லீப்பர் கட்டை என்று எல்லாவற்றுக்கும் போனது. ஒரு மைல் தண்டவாளத்துக்குச் சுமார் 3,000 ஸ்லீப்பர் வேண்டும் என்றால், ரயில் கம்பெனிகளுக்கும் மரக் கம்பெனிகளுக்கும் இருந்த உறவு புரியும். 1907இல் டெக்சாஸ் மில்கள் 225 கோடி போர்டு அடி பலகை அறுத்தன. நம் கணக்கில் சொன்னால், 12 போர்டு அடி ஒரு கன அடி. அதாவது ஒரே வருஷத்தில் சுமார் 18.75 கோடி கன அடி.

சம்பளத்துக்குப் பதிலா டோக்கன் குடுத்தாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். கர்பி மில்களில் மட்டுமல்ல, அந்தப் பகுதி முழுக்க இதுதான் வழக்கம். வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, டாக்டருக்கும் சம்பளத்தில் பிடித்தம். சம்பள நாள் மாதம் ஒரு தடவை. நடுவில் கையில் காசு வேண்டும் என்றால் 'மெர்ச்சண்டைஸ் செக்' தருவார்கள். அது கம்பெனிக் கடையில்தான் செல்லும். வெளியே மாற்றினால் முகமதிப்பில் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். ரிசீவர் நிர்வாகக் காலத்தில் ரொக்கத் தட்டுப்பாடு வந்தபோது இதன் வலி இன்னும் கூடியது.

நாளைக்குப் பத்து, பதினொரு மணி நேரம் வேலை. வட்ட ரம்பத்தின் பக்கத்தில் விரலும் கையும் போவது சாதாரணம். வேலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு தரும் சட்டம் டெக்சாஸுக்கு வந்ததே 1913இல்தான். கர்பி தன்னைத் தொழிலாளிகளுக்குத் தகப்பன் மாதிரி என்று உண்மையாகவே நம்பினார். கேட்டால் உதவியும் செய்தார். ஆனால் உதவியாகக் கேட்டதை உரிமையாகக் கேட்டால் அவர் முகம் மாறிவிடும்.

அப்போ யூனியனை ஒடுக்கினது அவர்தானா? கிராபோ துப்பாக்கிச்சூடு அவர் மில்லுலயா?

இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கிராபோ அவருடைய மில் இல்லை. அது லூசியானாவில் கேலோவே லம்பர் கம்பெனியின் மில். 1912 ஜூலை 7 அன்று அங்கே யூனியன் கூட்டத்தில் துப்பாக்கிச் சண்டை மூண்டு, உயிர்கள் போயின, பலர் காயமடைந்தார்கள். 58 யூனியன் ஆட்கள் மேல் கொலை வழக்கு. தலைவர் ஆர்தர் எமர்சன் உள்பட விசாரணைக்கு வந்தவர்களை லேக் சார்ல்ஸ் நீதிமன்றத்தில் ஜூரி விடுதலை செய்தது.

ஆனால் மில் முதலாளிகள் சங்கமான சதர்ன் லம்பர் ஆப்பரேட்டர்ஸ் அசோசியேஷனை அந்தப் போராட்டக் காலத்தில் முன்னின்று நடத்தியவர் கர்பி. 1911இல் டஜன் கணக்கில் மில்களை இழுத்து மூடியது, யூனியனில் சேர மாட்டேன் என்று எழுதி வாங்கியது, கறுப்புப் பட்டியல் போட்டது எல்லாம் அந்தச் சங்கத்தின் வேலை. அவருக்கு இதில் பங்கு இல்லை என்று சொல்ல வழியில்லை. அந்த யூனியன், அதாவது பிரதர்ஹுட் ஆஃப் டிம்பர் வொர்க்கர்ஸ், வெள்ளையரையும் கறுப்பரையும் ஒன்றாகச் சேர்த்தது. 1912இல் அலெக்சாண்ட்ரியாவில் இரு தரப்பும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்தக் காலத் தென் மாநிலங்களில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று நினைத்துப் பாருங்கள். சில வருஷத்துக்குள் யூனியன் நொறுங்கிப்போனது. இந்தக் கதையில் எனக்கு அதிகம் வருத்தம் தருவது அதுதான்.

அரசியல்ல எந்தப் பக்கம்?

டெமாக்ரட் கட்சி. டெக்சாஸ் சட்டசபையில் இரண்டு முறை உறுப்பினர். முதல் உலகப் போரின்போது கப்பல் கட்ட மரம் திரட்டும் அரசுப் பொறுப்பிலும் இருந்தார். இறக்குமதி வரி வேண்டும் என்று தென் மாநிலங்களில் இயக்கம் நடத்தினார்.

1930களில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் நியூ டீல் என்ற பொருளாதார மீட்புத் திட்டங்களைக் கடுமையாக எதிர்த்தார். 'அரசியல் சட்டத்தைக் காக்கும் தென்னகக் குழு' ஒன்றுக்குத் தலைவராகி, 1936 ஜனவரியில் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் மாநாடு கூட்டினார். அங்கே அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் கறுப்பர்களோடு இருக்கும் படத்தை அச்சிட்டு, வெறுப்பைத் தூண்ட விநியோகித்தார்கள். வடக்கத்திய பெரிய தொழிலதிபர்களின் பணம் அந்தக் குழுவுக்கு வந்தது செனட் விசாரணையில் வெளியானது. அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது.

காட்டை மொட்டையடிச்சவர் பேர்ல ஒரு காடு இருக்கே, அது எப்படி?

1929இல் அவர் பிறந்த டைலர் கவுன்ட்டியிலேயே சுமார் 600 ஏக்கரை மாநிலத்துக்குக் கொடுத்தார். இன்று அது ஜான் ஹென்றி கர்பி மெமோரியல் ஸ்டேட் ஃபாரஸ்ட். அதில் வரும் வருமானம் டெக்சாஸ் ஏ அண்ட் எம் மாணவர்களின் கல்விக் கடனுக்குப் போகும்படி ஏற்பாடு.

வெட்டியதோடு ஒப்பிட்டால் இது சின்னத் துண்டு என்பது உண்மைதான். 1880 முதல் 1930 வரை 'வெட்டு, அடுத்த இடத்துக்குப் போ' என்றுதான் எல்லா மில்களும் நடந்தன. டெக்சாஸில் வனத்துறையே 1915இல்தான் வந்தது. மறுநடவு செய்யாததற்குக் காரணமும் பாதி காகிதத்தில்தான் இருந்தது. தவணை கட்ட வேண்டியவன் மரம் வளர நாற்பது வருஷம் காத்திருக்க முடியாது. கர்பி லம்பருக்கு மரம் மட்டும்தான் சொந்தம், நிலம் ஹூஸ்டன் ஆயிலுக்கு என்று மேலே சொன்னேன் அல்லவா? அடுத்தவன் நிலத்தில் யார் நாற்று நடுவார்கள்?

என் பையன் சி.பி.ஏ. படிக்கிறான். 'கர்பி லம்பர்' கேஸ்னு ஒண்ணு வருதாம். அது இவரோட கம்பெனியா?

அதேதான். அமெரிக்காவில் வரிச் சட்டம் படிக்கிறவர்கள் அத்தனை பேரும் இந்தப் பெயரைக் கடந்துதான் போக வேண்டும். 1923 ஜூலையில் கம்பெனி 1,21,26,800 டாலருக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டது. அதே வருஷம் அவற்றில் சிலவற்றைச் சந்தையில் முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கிவிட்டது. வித்தியாசம் 1,37,521 டாலர் 30 சென்ட். அரசு சொன்னது: இது வருமானம், வரி கட்டு. கம்பெனி சொன்னது: நாங்கள் எதையும் விற்கவில்லை, கடனைத்தானே அடைத்தோம்? கீழ் நீதிமன்றத்தில் கம்பெனி ஜெயித்தது. 1931 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். ஒன்றிரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

புரியும்படி சொன்னால்: நான் உங்களிடம் 1,000 டாலர் கடன் வாங்கி, 900 கொடுத்து முழுக் கடனையும் தீர்த்துவிட்டேன் என்று வையுங்கள். திருப்பித் தர வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த 100 டாலர் இப்போது என் கையில் சுதந்திரமாக இருக்கிறது. அந்த அளவுக்கு நான் பணக்காரன் ஆகிவிட்டேன். ஆகவே வருமானம்.

அதுக்கும் நமக்கும் என்ன? கம்பெனி விஷயம்தானே?

இல்லை, வீட்டுக்கே வரும். கிரெடிட் கார்டு கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து வாங்கிய நண்பர் ஒருவருக்கு அடுத்த பிப்ரவரியில் 1099-சி என்ற படிவம் வந்தது. தள்ளுபடியான தொகை வருமானமாகக் காட்டியிருந்தது. "கஷ்டத்தில்தானே குறைத்தார்கள், அதற்கும் வரியா?" என்று ராத்திரி போன் செய்தார். அந்தப் படிவத்துக்குப் பின்னால் நிற்பது கர்பி லம்பர் தீர்ப்புதான்.

ஆனால் பதறத் தேவையில்லை. சட்டத்தில் பின்னால் விலக்குகள் வந்துவிட்டன. கடன் தள்ளுபடி ஆவதற்குச் சற்று முன் உங்கள் மொத்தக் கடன் மொத்தச் சொத்தைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் வரைக்கும் வருமானத்தில் சேராது. அதற்கு 982 என்ற படிவம் வைக்க வேண்டும். உங்கள் கணக்கரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிக் கேளுங்கள்.

அந்தக் கேஸ்ல தோத்ததாலதான் திவால் ஆனாரா?

இல்லை. தேதி பக்கத்தில் இருப்பதால் பலரும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். வழக்கு கம்பெனியுடையது, 1933 திவால் அவருடைய சொந்தக் கணக்கு. 1,37,521 டாலர் என்பதும் வரி அல்ல, வருமானம். அதில் ஒரு பங்குதான் வரி. கோடி டாலருக்கு மேல் கடன் பத்திரம் போட்ட கம்பெனிக்கு அது பெரிய தொகை இல்லை.

கவிழ்த்தது 1929க்குப் பிறகு வந்த பெருமந்தம். வீடு கட்டுவது நின்றால் பலகை விற்காது. அதோடு எண்ணெய், நிலம் என்று பல பக்கம் கடன் வாங்கி முதல் போட்டிருந்தார். அவர் திவாலானதும் கம்பெனி மறுசீரமைப்புக்குப் போய், 1936இல் 60 சதவீதப் பங்கோடு சாண்டா ஃபே கைக்கு வந்தது. 1900இல் ரயிலை வாங்கிய அதே சாண்டா ஃபே. கர்பிக்கு இறக்கும்வரை பதவியின் மரியாதை இருந்தது, உரிமை இல்லை.

'சாண்டா ஃபே எதிர் கிரீன்' கேஸ்லயும் கர்பி லம்பர் வருதே, அது இன்னொரு கம்பெனியா?

அதே கம்பெனியின் வாரிசுதான், ஆனால் கர்பி இறந்து முப்பது வருஷத்துக்கு அப்புறம் நடந்தது. சாண்டா ஃபே கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வாங்கி 95 சதவீதத்தை எட்டியது. 1974இல் டெலவேர் மாநிலச் சட்டப்படி மீதி 5 சதவீதம் வைத்திருந்தவர்களுக்குப் பங்குக்கு 150 டாலர் கொடுத்து, கேட்காமலே வெளியேற்றியது. அவர்களோ, காட்டையும் நிலத்தையும் மதிப்பிட்டால் ஒரு பங்கு 772 டாலராவது பெறும் என்றார்கள்.

1977இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: விலை நியாயமா என்பது வேறு, ஏமாற்றினார்களா என்பது வேறு. எல்லாத் தகவலையும் கொடுத்துவிட்டுக் குறைந்த விலை சொன்னால் அது மத்தியப் பங்குச் சட்டப்படி மோசடி ஆகாது. விலை போதாது என்றால் மாநில நீதிமன்றத்தில் மதிப்பீடு கேளுங்கள். வரிக்கு ஒன்று, பங்குச் சந்தைக்கு ஒன்று என்று இரண்டு பாடப்புத்தகத் தீர்ப்புகளில் ஒரு மர கம்பெனி இருப்பது அபூர்வம்.

இப்போ போய்ப் பார்க்க ஏதாவது இருக்கா?

ஹூஸ்டன் மிட்டவுனில் ஸ்மித் தெருவில் அவர் வீடு இன்னும் நிற்கிறது. 1920களில் இங்கிலாந்துப் பாணியில் மாற்றிக் கட்டியது. வெளியிலிருந்து பார்க்கலாம்.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தால், நெடுஞ்சாலை 69இல் கூன்ட்ஸ், வாரன் பக்கம் போங்கள். வாரனுக்குப் பக்கத்தில் மேலே சொன்ன ஸ்டேட் ஃபாரஸ்ட். அதே சாலையில் பிக் திக்கெட் தேசியக் காப்பகம், 1974இல் அமைத்தது. அங்கே சன்டியூ டிரெயில் என்ற நடைபாதையில் லாங்லீஃப் பைனைத் திரும்பக் கொண்டுவர முயற்சி நடக்கிறது. ஊசியிலை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள், முழங்கை வரை வரும். பாதையோரம் அடர்ந்த புல்குத்து மாதிரி பச்சையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் தாண்டிப் போங்கள், மிதித்துவிடாதீர்கள். சில வருஷம் புல் மாதிரியே இருந்து, வேரை ஆழமாக இறக்கிவிட்டு, அப்புறம்தான் அது மேலே எழும்பும். லாங்லீஃப் பைன் நாற்று அது.